பெயரை அழித்தும் அடகுப் பதிவேட்டில் ஆள் தெரிகிறது: உதவி தேவை

கடைக்காரர் மகன்:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் அப்பா உரிமம் பெற்று அடகுக் கடை நடத்துகிறார். குடும்பங்களின் வரவு செலவை ஆராயும் மாணவி ஒருவர் பத்தாண்டுப் பதிவேட்டைக் கேட்கிறார். எந்த மாதம் நகை வருகிறது, எப்போது திருப்புகிறார்கள், எது மூழ்கிப்போகிறது என்று பார்க்க வேண்டுமாம். வீடு வீடாகப் போய்க் கேட்டால் கடனைக் குறைத்துத்தான் சொல்கிறார்களாம். யார்தான் சொல்வார்கள்!

எக்செல்லில் ஏற்றிப் பெயர், கதவு எண், கைபேசி எண் மூன்றையும் அழித்தேன். அப்பாவிடம் காட்டினேன். "கழுத்துரு, கானாடுகாத்தான், ஆவணி 12. இது இன்னார் வீடல்லவா?" என்றார். (கழுத்துரு என்பது நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், திருமண நகை.) பத்து வரிகளில் ஆறுக்கு ஆள் சொல்லிவிட்டார். என்ன செய்வது?

தேவகோட்டைவாசி:
கொடுக்காதீர்கள் தம்பி. கழுத்துரு அடகுக்கு வந்தது வெளியே தெரிந்தால் அந்த வீட்டார் ஒரு விசேஷத்துக்கும் தலைகாட்ட முடியாது.

பேரேடு:
ஊர், நகை, தேதி மூன்றும் சேர்ந்தால் பெயர் எதற்கு? லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி அறிஞர் 2000இல் அமெரிக்காவை வைத்து இதைக் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு ஆகியவற்றை மட்டும் கொண்டு அந்நாட்டில் 87 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கானாடுகாத்தான் எம்மாத்திரம்?

ஊருக்குப் பதில் வட்டத்தைப் போடுங்கள். கழுத்துரு 'கழுத்து நகை' ஆகட்டும். அந்தச் சொல்லே சமூகத்தையும் காட்டிக்கொடுக்கிறது. எடையைக் கிராம் சுத்தமாக எழுதாமல் 'ஒரு சவரனுக்குள்', 'ஒன்று முதல் மூன்று' என்று பிரியுங்கள். தேதியில் மாதமும் ஆண்டும் போதும். பிறகு வட்டம், நகை, எடை, மாதம் நான்கும் ஒத்துப்போகும் வரிகளை எண்ணுங்கள். ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்துப் பிரிவோடு சேருங்கள், அல்லது நீக்குங்கள். எண்ண வேண்டியது ஆட்களை, வரிகளை அல்ல. ஒரே ஆச்சி ஐந்து முறை வந்திருந்தால் வரி ஐந்து, ஆள் ஒருவர்தான்.

கடைக்காரர் மகன்:
தேதி போனால் எத்தனை நாளில் திருப்பினார்கள் என்பது தெரியாதே? ஒரே வீடு திரும்பத் திரும்ப வருகிறதா என்பதும் அவருக்கு வேண்டும். அதற்காகக் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறியீடாக வைத்திருக்கிறேன்.

பேரேடு:
அந்த நான்கு இலக்கங்களை உடனே அழியுங்கள். எண் முழுவதையும் ஏதாவது சூத்திரத்தால் மறைத்தாலும் பயனில்லை. கைபேசி எண் பத்தே இலக்கம். எல்லா எண்களையும் அதே சூத்திரத்தில் போட்டுப் பார்க்கக் கணினிக்கு நெடுநேரம் ஆகாது. வீட்டுக்கு ஒரு குலுக்கல் எண் கொடுங்கள். எந்த எண் எந்த வீடு என்ற தாள் கடை இரும்புப் பெட்டியை விட்டு வெளியேறக் கூடாது. நாட்களுக்குத் தனிக் கட்டம் போட்டு வாரக் கணக்காக எழுதுங்கள்.

குறிப்புக் கட்டம் இருக்கிறதா?

கடைக்காரர் மகன்:
ஐயோ, இருக்கிறது. "மு.க. வீட்டு ஆச்சி சொல்லி அனுப்பியது" என்று அப்பா விலாசத்தோடு எழுதி வைத்திருக்கிறார். மறைத்துத்தான் வைத்தேன்.

பேரேடு:
எக்செல்லில் மறைத்த கட்டத்தை யாரும் விரித்துப் பார்க்கலாம். புதுக் கோப்பில் வேண்டியதை மட்டும் ஒட்டுங்கள்.

தேவகோட்டைவாசி:
இத்தனை பாடு எதற்கு? மாத வாரியாக மொத்தத் தொகையைக் கொடுத்தால் போதாதா? பர்மாவில் செட்டியார் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று 1929–30 வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. இன்றுவரை எல்லோரும் அந்த ஒரு மொத்தத்தைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள்.

பேரேடு:
அந்த மொத்தத்தில் எந்தக் குடும்பம் எப்படிச் சமாளித்தது என்பது தெரியவில்லையே ஐயா. ஆனாலும் மாணவியிடம் முதலில் அதைக் கேட்பது நல்லது. மொத்தம் போதும் என்றால் வரிகளே வேண்டாம்.

இன்னொன்று. தாளில் இருந்ததைக் கணினியில் ஏற்றினாலும் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். ஆய்வுக்கு விலக்கு உண்டு. தனி ஆளைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது, வகுத்த தரநிலைகளையும் பின்பற்ற வேண்டும். ஆளைத் தேடமாட்டேன், பிறருக்குத் தரமாட்டேன் என்று எழுதி வாங்குங்கள்.

கடைக்காரர் மகன்:
மொத்தம் போதாது என்றார், ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். எல்லாம் மாற்றி மறுபடி அப்பாவிடம் காட்டினேன். இம்முறை ஒரே வரியில் நின்றார். "நாற்பது சவரனா? இது உன் அத்தை." அதையும் 'பத்துச் சவரனுக்கு மேல்' என்ற பிரிவில் போட்டுவிட்டேன்.