வெளியூர் மாற்றல்: வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா?

பயணி: அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம். இங்கே சொந்த வீடு. அதன் விலையில் பாதி அளவுக்கு இன்னும் கடன் இருக்கிறது. திரும்பி வருவோமா என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். என்ன செய்யலாம்?

நிலவொளி: விற்காதீர்கள். விற்கும்போது தரகும் வரியும், திரும்ப வாங்கும்போது பதிவுச் செலவும் புதுக் கடனும் என்று இரண்டு பக்கமும் பணம் கரையும். இரண்டே வருடத்தில் திரும்பி வந்தால் அந்த நஷ்டத்தை எங்கே போய் ஈடுகட்டுவது? வாடகையே தவணையைக் கட்டிக்கொள்ளும்.

கணக்கர்: அந்தக் கடைசி வரியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டின் விலை 100, ஆண்டு வாடகை 4 என்று வையுங்கள். ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அப்புறம் சொத்து வரி, காப்பீடு, பெயிண்ட், குழாய் வேலை, வாடகை வருமானத்துக்கு வரி. கையில் 2.5 நின்றால் பெரிய விஷயம். கடன் 50, வட்டி 8 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே 4. மீதி 1.5 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். அசல் தனி.

நிலவொளி: அசல் கட்டுவது செலவில்லையே, கடன்தானே குறைகிறது? விலை ஆண்டுக்கு 2 ஏறினாலே அந்த 1.5 வந்துவிடும்.

கணக்கர்: அசல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் விலை ஏறும் என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்? பயணி, ஒன்று கேட்கிறேன். இன்று கையில் 50 ரொக்கம் இருந்தால், வாடகைக்கு விடுவதற்காகவே மேலும் 50 கடன் வாங்கி இதே வீட்டை வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் விற்றுவிடுங்கள். இன்னொன்று, குடியிருந்த வீட்டை விற்றால் சில நாடுகளில் வரிச் சலுகை உண்டு. வாடகைக்கு விட்டுக் காலம் கடந்தால் அது குறையலாம். கிளம்பும் முன் வரி ஆலோசகரைப் பாருங்கள்.

மாடிவீடு: நாங்கள் நான்கு வருடம் வாடகைக்கு விட்டிருந்தோம். முதலில் வந்தவர்கள் தங்கமானவர்கள். இரண்டாவதாக வந்தவர் மாடித் தொட்டி ஒழுகுவதை மூன்று மாதம் சொல்லவே இல்லை. சுவர் முழுக்க ஊறி, ஒரு வருட வாடகை அதைச் சரிசெய்யவே போனது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்தில் இருந்து எட்டிப் பார்க்க எங்களுக்கு ஆள் இல்லை, அதுதான் குறை. விடுவதாக இருந்தால் முதலில் அந்த ஆளைத் தேடுங்கள். வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். சொந்தக் குடியிருப்புக்கு எடுத்த காப்பீடு வாடகை வீட்டுக்குச் செல்லாமல் போகலாம்.

நிலவொளி: இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அதனால்தான் எனக்கு அந்தக் கஷ்டம் தெரியவில்லை.

பயணி: மாதாமாதம் கொஞ்சம் கைப்பணம் போட எங்களால் முடியும். இரண்டு தெரு தள்ளி அக்கா இருக்கிறார். இன்று இரவே அவரிடம் பேசுகிறேன். அவரால் முடியாது என்றால் விற்றுவிடுகிறோம்.