கீபோர்டு கழன்று வரும் லினக்ஸ் நெட்புக்: முதல் அனுபவங்கள்

10 அங்குலத் தொடுதிரை, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு. கூடவே வந்த விண்டோஸைத் துடைத்துவிட்டு டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருக்கிறேன், மேலே க்னோம் என்ற திரைச்சூழல். முழுசாகப் பழகிய பிறகு எழுதினால் ஆரம்ப எரிச்சல்கள் மறந்துபோகும், அதனால் இப்போதே எழுதுகிறேன். இதே மாதிரி வைத்திருப்பவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

முதலில் உறைப்பது எடை. சாதாரண லேப்டாப்பில் போர்டு, பேட்டரி எல்லாம் கீபோர்டுக்கு அடியில் இருக்கும். இதில் அத்தனையும் திரைக்குப் பின்னால். மேஜையில் பிரச்சினையில்லை. மடியில் வைத்தால் பின்பக்கமாகச் சாய்கிறது, ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் தட்ட வேண்டியிருக்கிறது. 2009இல் ஆல்வேஸ் இன்னோவேட்டிங் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் ‘டச் புக்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது, சிலருக்கு நினைவிருக்கலாம். ஏஆர்எம் சில்லு, லினக்ஸ், 8.9 அங்குலத் திரை, கழற்றும் கீபோர்டு. அதில் கீபோர்டுக்குள்ளேயும் ஒரு பேட்டரி உண்டு. கூடுதல் நேரம் ஓடும் என்பது ஒரு பக்கம். அடியில் கனம் இருந்தால் கவிழாது என்பதற்காகவே எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. இப்போது வருகிற பலவற்றில் கீபோர்டு அட்டை மாதிரி இருக்கிறது.

பட்டென்று கீபோர்டைக் கழற்றினால் லினக்ஸ் திணறும் என்று எதிர்பார்த்தேன். கண்டுகொள்ளவே இல்லை. உள்ளுக்குள் அது ஒரு யுஎஸ்பி சாதனம்தான். லினக்ஸின் மையமான கர்னலின் பதிவில் பென் டிரைவைப் பிடுங்கியதுபோல ஒரு வரி விழுகிறது, அவ்வளவுதான்.

வேடிக்கை பூட் ஆகும்போதுதான். எந்த சிஸ்டத்தை ஏற்றுவது என்று முதலில் கேட்கும் க்ரப் மெனு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வருகிறது! உள்ளே இருப்பது டேப்லெட்டுக்காகச் செய்த நெடுக்குவாட்டுப் பேனல். அதைத்தான் குறுக்காக வைத்திருக்கிறார்கள். எந்த மாடலில் பேனல் எப்படித் திரும்பியிருக்கிறது என்ற பட்டியல் கர்னலிடம் இருப்பதால் அது சுதாரித்துக்கொள்கிறது. க்ரப்புக்கு அந்த விவரம் கிடையாது. தலையைச் சாய்த்துப் படிக்கிறேன்.

எனக்குப் பிடிபடாத ஒன்று: கீபோர்டைக் கழற்றினால் திரை கைக்கேற்பத் திரும்ப வேண்டும், எழுத்துப் பெட்டியைத் தொட்டால் திரைக் கீபோர்டு எழ வேண்டும். சில நேரம் இரண்டும் நடக்கின்றன. சில நேரம் இரண்டுமே நடப்பதில்லை. திரையின் அடிவிளிம்பிலிருந்து மேலே இழுத்தால் கீபோர்டு மட்டும் வருகிறது. யாருக்காவது காரணம் தெரியுமா?

* * *

ப்ளூடூத் மௌஸ் வைத்திருக்கிறீர்களா? நானும் இதில்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

திரையை முழுசாகப் பின்னால் மடக்குகிற லேப்டாப்புகளில் ‘டேப்லெட் ஆகிவிட்டேன்’ என்று சொல்ல ஒரு சுவிட்ச் இருக்கும். கழற்றுகிற வகைகளில் பலவற்றில் அது இல்லை. அப்போது க்னோம் தானாகவே ஊகிக்கிறது: தொடுதிரை இருக்கிறது, மௌஸோ டச்பேடோ எதுவும் இல்லை, அப்படியானால் இது டேப்லெட். கீபோர்டைக் கழற்றும்போது டச்பேடும் சேர்ந்து போய்விடுவதால் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. பையில் ஒரு ப்ளூடூத் மௌஸ் விழித்துக்கொண்டு இணைந்தே கிடந்தால், க்னோமைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் லேப்டாப்பில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். திரும்பாது, கீபோர்டும் தானாக எழாது. ஊகம் மோசமில்லை, ஆனால் அமைப்புகளில் ஒரு பொத்தான் வைத்திருந்தால் இவ்வளவு தேடியிருக்க வேண்டாம்.

* * *

என்னுடையது இன்டெலின் பே டிரெயில் சில்லு உள்ள பழைய டேப்லெட். 64 பிட் புராசசருக்கு 32 பிட் யுஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) கொடுத்த காலத்துப் பொருள். பல டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் வகைகளின்) நிறுவும் யுஎஸ்பி இதில் கண்ணே திறக்கவில்லை. டெபியன் 8லிருந்தே இந்தக் கலப்புக்கு வழி செய்திருப்பதால் அதில் ஏறிக்கொண்டேன். நினைவகம் குறைவு என்று எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைச்சூழலைப் போட்டேன், அது ஓடுவது எக்ஸ்11 என்ற பழைய காட்சி முறையில். ஃபயர்ஃபாக்ஸில் விரலால் இழுத்தால் பக்கம் நகராமல் எழுத்துகள் செலக்ட் ஆகின. தொடுதலைத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும் எக்ஸ்இன்புட்2வைப் பயன்படுத்தச் சொல்லும் சூழல் மாறியை 1 என்று வைத்ததும் ஒழுங்காக நகர்கிறது. எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஃபயர்ஃபாக்ஸ் 121லிருந்து அதுவே இயல்பு.

இன்னொன்று, வட்டை லக்ஸ் (லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறை) கொண்டு பூட்டப் போகிறீர்கள் என்றால் யோசித்துச் செய்யுங்கள். பூட் ஆகும்போது கடவுச்சொல் கேட்கிற இடத்தில் க்னோமும் கிடையாது, திரைக் கீபோர்டும் கிடையாது. கழற்றிய கீபோர்டு வேறெங்கோ இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆட்கள் அந்தக் கட்டத்திலேயே திரையில் கீபோர்டு காட்டும் ஒரு சின்ன நிரலை வைத்திருக்கிறார்கள். டெபியனில் அதைப் பொருத்த நேரம் கிடைக்காததால், நான் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவை மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். மௌஸ்தான் காரணம்! அணைத்ததும் திரை உடனே திரும்பியது. நன்றி.

லக்ஸ் விஷயம் நல்ல நேரத்தில் வந்தது, நாளைக்கு அதைத்தான் செய்வதாக இருந்தேன். ஹோம் மட்டும் பூட்டினால் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) என்ன ஆகிறது, அதையும் பூட்டியிருக்கிறீர்களா?