புதுப்பிப்பு: மூச்சு முட்டும்போது எத்தனை பஃப், எப்போது 999?

புகைமூட்ட நாள்களில் ஆஸ்துமாவைச் சமாளிப்பது பற்றிய முந்தைய இழையில் பலரும் கேட்டது ஒன்றுதான்: திடீரென மூச்சு முட்டினால் நீல இன்ஹேலரை (மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் மருந்து) எத்தனை தடவை அடிக்கலாம்?

முதலில் ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) ஒரே ஒரு பஃப் அடித்து, நாலு மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். மறுபடி குலுக்கி அடுத்தது. இப்படி 4 பஃப். நாலு நிமிடம் பாருங்கள்; தேறவில்லையா, இன்னும் 4. அதற்கும் அடங்காவிட்டால் 999 (மலேசிய அவசர எண்). ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்கள். பதற்றத்தில் இரண்டு மூன்று பஃப்பை ஒரேயடியாக ஸ்பேசருக்குள் அடித்துவிடுகிறார்கள். பாதி மருந்து சுவரில் ஒட்டி வீணாகிறது.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தைக்கு விலா இடுக்கு உள்வாங்கினாலோ நிமிடம் எண்ணாதீர்கள், உடனே 999. பஃப்பும் நிற்க வேண்டாம். வீசிங் சத்தம் அடங்கி ஆள் சோர்ந்துபோனால் ‘அப்பாடா’ என்று விட்டுவிடாதீர்கள்: காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

ஸ்பேசரைக் கழுவியபின் துணியால் துடைக்கக் கூடாது, தானாகக் காயட்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

கோலாலம்பூரில் ஐபியு (காற்று மாசுக் குறியீடு) 100-ஐத் தாண்டினால் வெளியே ஓட்டம், உடற்பயிற்சி வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டால் அரசாங்கக் கிளினிக்கில் தடுப்பு இன்ஹேலர் கேளுங்கள். அதில் ஸ்டீராய்டு இருப்பதால், அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.