புல்வெளியைத் தரிசு என்று எழுதிய அறிக்கை: ஏஐயோடு வேலை பார்த்த அனுபவங்கள்

குன்னூர்க்காரி:

ஒன்பது வருடமாகக் காலநிலைக் கொள்கை ஆய்வாளராக இருக்கிறேன். அரசாணை, மழைக்கணக்கு, நிலப்பயன்பாட்டு வரைபடம், ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) அறிக்கை எல்லாவற்றையும் படித்து, முடிவெடுப்பவர்களுக்கு இருபது பக்கத்தில் சுருக்கிக் கொடுப்பதுதான் வேலை. ஏஐ வந்த பிறகு இந்த வேலை எப்படி மாறியது என்று நேரில் கண்டதைச் சொல்கிறேன். மற்றவர்களும் சொல்லுங்கள்.

போன வருடம் ஒரு அறிக்கை கேட்டார்கள். நீலகிரியில் கார்பனைச் சேமிக்க எங்கெங்கே மரம் நடலாம் என்று இடம் காட்ட வேண்டும். முன்பு மூன்று வாரம் பிடித்திருக்கும். ஏஐயிடம் ஆவணங்களையும் செயற்கைக்கோள் தரவையும் கொடுத்தேன், மத்தியானத்துக்குள் வரைவு வந்துவிட்டது. மொழி சுத்தம், அட்டவணை சுத்தம். உண்மையிலேயே மலைத்துப் போனேன்.

அதில் அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கமிருந்த மலைச்சரிவுகள் 'தரிசு, மரம் நட ஏற்றது' என்று இருந்தன. அவை சோலைக்காட்டை (மலை மடிப்புகளில் வளரும் அடர்ந்த இயற்கைக் காடு) ஒட்டிய புல்வெளிகள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வரி தராத நிலத்தைத் தரிசு என்று எழுதும் பழக்கம் இருந்தது. அந்தச் சொல் ஆவணத்துக்கு ஆவணம் தாவி இன்றுவரை வந்திருக்கிறது. கருவி படித்ததெல்லாம் அந்த ஆவணங்களைத்தான். புல்வெளி தன் கார்பனில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைத்திருப்பதும், மழையை உறிஞ்சி ஓடைக்கு மெதுவாக விடுவதும் அதன் கணக்கில் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்பு, 10 சதவீதத்துக்குக் குறையாத மரக்கவிகை (மர உச்சிகள் நிலத்தை மூடும் அளவு) இருந்தால் அது வனப்பரப்பு. யார் நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. அதனால் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கும் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் அறிக்கையில் 'பசுமை வளம்' ஆகிவிட்டன. நோயை மருந்து என்று எழுதியது போல.

அனுப்புவதற்கு முந்தின நாள் ஏதோ உறுத்தியது. அந்தப் பக்கத்து மந்தில், அதாவது எருமை வளர்க்கும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பில், எனக்குப் பழக்கமான தோடர் பெரியவர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். விரலை ஒரு இடத்தில் வைத்து, "இங்கதாம்மா எங்க எருமை மேயும். கோயில் கூரைக்குப் புல்லும் இங்க சதுப்புலதான் அறுப்போம். இதுலயா மரம் வைக்கச் சொல்ற?" என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து அந்தப் பகுதி முழுவதையும் மாற்றி எழுதினேன்.

என் கவலை கருவி தப்புப் பண்ணியது அல்ல. தப்பை நான் கண்டுபிடித்தது, முதல் நாலு வருடம் இளநிலை ஆய்வாளராக ஒவ்வொரு பக்கத்தையும் கையால் படித்ததால். இப்போது எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் அந்த இளநிலை வேலைகளுக்கே ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. பத்து வருடம் கழித்து உறுத்தல் யாருக்கு வரும்?

கோத்தகிரி தேயிலை:

அக்கா, நான் ஆய்வாளர் இல்லை, ரெண்டு ஏக்கர் தேயிலை விவசாயி. எனக்கு ஏஐ நல்லது செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் வந்த ஒரு அரசாணையைப் போனில் படம் எடுத்துப் போட்டேன், தமிழில் தெளிவாகச் சொன்னது. முன்பு அதற்கு யாரையாவது தேடிப் போய்க் கெஞ்ச வேண்டும்.

ஆனால் ஒன்று. எங்கள் ஊருக்குப் பயிர்ச்சேதம் பற்றிப் பேச ஒரு குழு வந்தது. நாங்கள் சொன்னதைப் பதிவு செய்து ஏஐயில் மொழிபெயர்த்தார்கள். அச்சடித்து வந்ததைப் பார்த்தால், நாங்கள் சொன்ன நீர்ப்பனி, உறைபனி ரெண்டும் 'மூடுபனி' என்று இருந்தது. முதலில் நீர்ப்பனி விழும், அப்புறம்தான் உறைபனி. உறைபனியில் கொழுந்து கருகிவிடும். மூடுபனியில் அப்படிக் கருகாது. ஒரு சொல் மாறியதில் எங்கள் சேதமே காணாமல் போனது. எங்கள் பாட்டி படுகர் மொழியில் பேசியதை அது எழுதவே இல்லை, வெறும் கோடு போட்டிருந்தது.

கொடைக்கானல் மாணவன்:

நான் மழைத்தரவு ஆராய்ச்சி செய்கிறேன். நிரல் எழுதுவதற்கு ஏஐதான். இரண்டு வார வேலை இரண்டு நாளில் முடிகிறது, அதை மறுக்க மாட்டேன்.

ஒரு நிலையத்தின் முப்பது வருடக் கணக்கைப் போட்டேன். நடுவில் சில வருடம் கடும் வறட்சி என்று வந்தது. வழிகாட்டியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த வருஷங்கள்ல மழைமானியை யார் படிச்சாங்க?" தேடிப் பார்த்தால், அங்கே ஆளே இல்லாமல் பதிவு விட்டுப்போயிருந்தது. காலியான கட்டங்களை நிரல் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பதிவில்லாத நாளும் மழையில்லாத நாளும் ஒன்றல்ல என்று நான் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அன்றுதான் உறைத்தது.

மலைக்கு மாவட்டச் சராசரி போடுவதும் இப்படித்தான். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911. சராசரிக்குள் போட்டால் இந்த எண்கள் கரைந்துவிடும். மண் சரிவது சராசரியில் இல்லை.

ஓய்வுபெற்றவன், ஊட்டி:

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தப்பு இயந்திரத்தோடு பிறந்ததில்லை. 2007இல் வந்த ஐபிசிசியின் நான்காவது மதிப்பீட்டு அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. 2010 ஜனவரியில் தவறு என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சில மனிதர்கள் மூலத்தைத் தேடிப் போனதால்தான் அது வெளியே வந்தது.

போன மாதம் ஒரு வரைவைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். ஏஐ எழுதியது. மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் மூன்று உலகத்திலேயே இல்லை. ஆசிரியர் பெயர், வருடம், பக்க எண் எல்லாம் போட்டிருந்தது. அதைத் தயாரித்த பெண் நல்ல உழைப்பாளி, அழுதுவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஐபிசிசி ஆறாவது மதிப்பீட்டின் முதல் பாகம் மட்டுமே 14,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைக் காட்டுகிறது. தனி ஆள் இதையெல்லாம் படிக்க முடியாது, கருவி வேண்டும். ஆனால் காட்டுகிற ஒவ்வொரு மேற்கோளையும் ஒருவர் திறந்து பார்த்தாக வேண்டும். அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குன்னூர்க்காரி:

ஐயா, அந்தக் கடைசி வரியை அப்படியே எங்கள் அலுவலகத்தில் சொன்னேன். இனி ஒப்பந்தம் போடும்போது களத்துக்குப் போகும் நாட்களையும் மூலம் சரிபார்க்கும் நாட்களையும் தனியாக எழுதிக் கேட்பதென்று முடிவாகியிருக்கிறது. எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள் என்று பார்க்கிறேன்.

கோத்தகிரித் தம்பி, அந்த மொழிபெயர்ப்பு இன்னும் உங்களிடம் இருந்தால் எடுத்து வையுங்கள். சேதக்கணக்கைத் திருத்தச் சொல்லி எழுதலாம், நான் கூட இருந்து எழுதித் தருகிறேன். பாட்டி சொன்னதை நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொண்டு வாருங்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளையும் அன்றைக்கு அழைத்து வருகிறேன், உறைபனியில் கருகிய கொழுந்தை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை.