எயார் பியூரிஃபையர் எங்கட வீடுகளுக்குத் தோதுப்படுமோ? பாவிச்சவை சொல்லுங்கோ

கொக்குவில் தாய்:
மூத்தவனுக்கு ஏழு வயசு. தொய்வு, ஆஸ்மா எண்டு சொல்லுறது. மாரி தொடங்கினால் இரவு ரெண்டு மணிக்குப் பிறகு இழுக்கத் தொடங்கிடும். நானும் இவரும் மாறி மாறி முதுகு தடவிக்கொண்டு இருப்பம். கிளினிக்கில தந்த பம்ப் ஒழுங்காய்க் குடுக்கிறம், அதில குறை விடேல்ல. போன கிழமை கொழும்பு மச்சாள் வந்து நிண்டவ. தங்கட பிளாட்டில எயார் பியூரிஃபையர் வைச்ச நாள் தொட்டுப் பிள்ளையள் தும்மிறேல்லையாம், எங்களையும் வாங்கட்டாம். விலை பாத்தால் நாப்பதாயிரத்துக்கு மேல. இவர் சொல்லுறார், "முத்தத்தில வேம்பு நிக்குது, அதைவிட என்ன மெசின்?" எண்டு.

எங்கட வீடு பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில கை போற இடைவெளி. ஏசி இல்லை. பின்னேரமானால் பக்கத்து வளவில சருகு கொளுத்துவினம். வாங்கிப் பாவிக்கிறவையும் எழுதுங்கோ, வாங்கி மூலையில வைச்சிருக்கிறவையும் எழுதுங்கோ. விக்கிறவை எழுத வேண்டாம்.

திருநெல்வேலி வயர்மன்:
அக்கா, வாங்கிறதோ விடுறதோ பிறகு. கனடாச் சொந்தம் ஆரும் "நான் கொண்டு வாறன்" எண்டு சொன்னால் முதல் என்னட்டைக் கேளுங்கோ.

2023 ஆனியில அங்கத்தைய காட்டுத்தீப் புகை ரொறன்ரோ வரைக்கும் வந்து மூடினது. அந்த நேரம் எங்கட சனமும் இந்த மெசின் வாங்கினது. புகை போனாப் பிறகு அது வீட்டில இடத்தை அடைக்குது, ஊருக்கு வரேக்க சூட்கேசில ஏறுது. அங்க கரண்ட் 120 வோல்ற், இங்க 230. தட்டைக்கால் பிளக்குக்கு நூறு ரூபாய் அடாப்டர் ஒண்டைப் போட்டுக் கொழுவிறது. அடாப்டர் காலைத்தான் மாத்தும், வோல்ற்றை மாத்தாது. ஒரு "டப்", ஒரு கருகல் மணம், அவ்வளவுதான். காத்தைச் சுத்தம் பண்ண வந்த சாமான் அறை முழுக்கப் புகை விட்ட கதை மூண்டு என்ர மேசையில கிடக்கு. ஒண்டில சாம்பிராணித் தட்டு மாதிரியே புகை வந்ததெண்டு வீட்டுக்கார அம்மா சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவ. மருமகன் முகத்தைப் பாக்க ஏலாது.

மெசினுக்குப் பின்னால, இல்லாட்டி அதோட வாற சார்ஜர் பெட்டியில 100–240 எண்டு அடிச்சிருந்தால் பயமில்லை, அது இங்கயும் ஓடும். கரண்ட் பில்லுக்கும் பயப்பிடாதேங்கோ. 40 வாற் மெசின் இரவு பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 12 யூனிற். காசு போறது பில்ரருக்கு.

உரும்பிராய் செம்மண்:
மூலையில வைச்சிருக்கிறவன் நான்தான்.

எங்கட பக்கம் சோளகம் தொடங்கினால் தோட்டத்துச் செம்மண் எழும்பி வீட்டுக்குள்ள வரும். காலமை கூட்டினால் மத்தியானம் மேசையில பேர் எழுதலாம். மனிசிக்குத் தும்மல். சரியெண்டு மெசினை வாங்கி விறாந்தைக்கும் ஹோலுக்கும் நடுவில வைச்சன், ரெண்டு பக்கமும் சுத்தமாகட்டும் எண்டு! யன்னல் ஆறும் திறந்தபடி, கதவு ரெண்டும் திறந்தபடி. பூட்டினால் வேர்த்து ஊத்தும், என்ன செய்யிறது. மெசின் இரவு பகலாய் இழுத்துது. கடலுக்குப் பக்கத்தில துலா போட்டுத் தண்ணி வத்தப் பாத்த வேலை.

வாங்கி அஞ்சாம் மாதம் பில்ரரைக் கழட்டிப் பாத்தன், செங்கல் நிறம். முன்னுக்கு இருக்கிற வலையை மட்டும் தூசி தட்டிக் கழுவலாம். உள்ளுக்கு இருக்கிற, நுண்தூசியைப் பிடிக்கிற ஹெப்பா பில்ரரைக் கழுவக் கூடாது, கழுவினால் அது பழுது. எனக்கு அது தெரியாது, கிணத்தடியில வைச்சு நல்லா அலசிப்போட்டன். புது பில்ரர் கேட்டு வாங்கின இடத்துக்கு எடுத்தால், அந்த மொடல் இப்ப வாறேல்லையாம். வாங்கிறதெண்டால் மெசினைப் பாக்கிறதுக்கு முதல் அதின்ர பில்ரர் கடையில இருக்கோ எண்டு கேளுங்கோ, ரெண்டைச் சேர்த்தே வாங்குங்கோ. இப்ப அதுக்கு மேல மனிசி பூச்சாடி வைச்சிருக்கிறா. பாக்க வடிவாய்த்தான் இருக்கு.

நல்லூர் சித்தி:
செம்மண் தம்பி வைச்ச இடம் பிழை. மெசின் பிழையில்லை.

எங்கட அம்மாவுக்கு 78. கலியாணம் கட்டினதில இருந்து குசினியில விறகடுப்பு ஊதின நெஞ்சு. 2022 மார்கழியில மாண்டஸ் புயல் வந்தது ஞாபகமிருக்கோ? வடக்கு கிழக்கில மாடுகள் குளிரில விறைச்சுச் செத்தது, 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களையும் மூடினவை. அண்டைக்கு வானம் முழுக்கப் புகார் பிடிச்ச மாதிரி நிண்டது. வாடைக் காத்து இந்தியாப் பக்கத்து அழுக்கையும் இழுத்துக்கொண்டு வந்ததெண்டு அப்பதான் எல்லாருக்கும் விளங்கினது. அம்மா மூண்டு இரவு கதிரையில இருந்தபடிதான் நித்திரை. அதுக்குப் பிறகுதான் வாங்கினது.

அவவின்ர அறை மட்டும்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்து. கணக்குப் பாத்தால் ஏறக்குறைய 34 கன மீற்றர் காத்து. மணித்தியாலத்துக்கு அஞ்சு தரமாவது அவ்வளவும் பில்ரருக்குள்ளால போய் வரோணும், அப்ப 170. பெட்டியில சி.ஏ.டி.ஆர் எண்டு ஒரு எண் போட்டிருக்கும், மெசின் எவ்வளவு சுத்தக் காத்துத் தரும் எண்ட அளவு, மணிக்குக் கன மீற்றரில. அது 170க்குக் கூட இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ. "இத்தினை சதுர அடிக்குப் போதும்" எண்ட விளம்பரத்தை விடுங்கோ, அதில அவையள் மணிக்கு எத்தினை தரம் எண்டு சொல்லுறேல்ல. கூடின வேகத்தில ஓடினால்தான் அந்த எண் வரும், சத்தமும் அப்பதான். நித்திரைக்கு வேகத்தைக் குறைச்சு விடுறதால கொஞ்சம் பெரிசாய் வாங்கினது நல்லதாய்ப் போச்சு.

இன்னொரு விசயம். சித்திரை வைகாசியில யன்னலைப் பூட்டிக்கொண்டு ஆரும் எங்கட ஊரில படுக்க ஏலாது. மார்கழி, தையில குளிருக்கு நாங்களே பூட்டுறம். புகையும் அந்த மாதங்களிலதான் கூட. எங்கட வீட்டில அது ஐப்பசியில இறங்கும், மாசியில துணி சுத்திப் பரணுக்கு ஏறும். பில்ரரும் ரெண்டு மாரி தாங்கிச்சு. பம்பை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ பிள்ளை. மெசின் மருந்தில்லை.

ஆரியகுளம் மீற்றர்:
நான் மெசின் வாங்கேல்ல, அளக்கிற கருவி வாங்கினன். பி.எம் 2.5, அதாவது காத்தில இருக்கிற நுண்துகளின்ர அளவைக் காட்டிற சின்னப் பெட்டி. உலக சுகாதார நிறுவனம் 2021இல எழுதி வைச்ச அளவு, ஒரு நாள் சராசரி கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். இந்தச் சின்னக் கருவியள் ஈரக்காத்தில கூட்டிக் காட்டும், அதால விடியப்புறம் பனிக்க வாற எண்ணைப் பாத்துப் பதறுறேல்ல. ஆனால் ஏற்றத்தையும் இறக்கத்தையும் நம்பலாம்.

ரெண்டு கிழமை வீடு முழுக்கக் கொண்டு திரிஞ்சன். றோட்டுப் பக்க யன்னலடிதான் மோசமாயிருக்கும் எண்டு நினைச்சனான். இல்லை. எங்கட படுக்கையறை, இரவு ஒன்பதரைக்கு. நுளம்புத் திரி கொளுத்தி அரை மணித்தியாலத்தில எண் மூண்டு இலக்கத்துக்குப் போட்டுது. குசினியில மீன் பொரிக்கேக்கயும் அப்பிடி ஏறேல்ல. தேடினால் 2003இல வந்த ஒரு ஆய்வு: ஒரு திரி எரிஞ்சு முடிய வாற நுண்துகள், 75 தொடக்கம் 137 சிகரெட் எரிஞ்சு வாறதுக்குச் சமன். அப்பா வீட்டுக்குள்ள சிகரெட் பத்தினால் அம்மா கலைப்பா. அந்த அம்மாதான் கட்டிலுக்குக் கீழ திரி வைக்கிறவ.

கொக்குவில் அக்கா, நீங்கள் என்ன கொளுத்திறனீங்கள்?

கொக்குவில் தாய்:
திரிதான். டெங்கு பயம். மாரி காலம் முழுக்க, அவன்ர கால்மாட்டில. மற்ற மாதங்களில கொளுத்திறேல்ல. இப்ப இதை எழுதேக்க எனக்குக் கை ஓடேல்ல.

பருத்தித்துறை ஓய்வூதியர்:
தங்கச்சி, மனசை விடாதேங்கோ. எல்லா வீட்டிலயும் இதுதான். நுளம்பு வலையைக் கட்டுங்கோ. டெங்கு நுளம்பு பகலில கடிக்கிறது, இரவுத் திரி அதுக்குப் பெரிசா உதவாது. வளவில தண்ணி தேங்கிற சிரட்டை, யோகட் கோப்பையளைப் பொறுக்கினால் அதுதான் வேலை.

மற்றது, மெத்தையில இருக்கிற தூசிப் பூச்சி. அதின்ர கழிவு பாரம், கொஞ்ச நேரத்தில படிஞ்சிடும். படிஞ்சதை மெசின் இழுக்காது. விரிப்பு, தலகாணி உறையைக் கிழமைக்கு ஒருக்காச் சுடுதண்ணியில தோயுங்கோ. "அயனைசர்", அதாவது காத்துத் தூசிக்கு மின்னேற்றம் குடுக்கிறது, எண்டு பீத்திக்கொண்டு வாற மெசினுகள் சிலது ஓசோன் வாயு விடும். தொய்வுக்காரருக்கு அது கூடாது. சருகுக்காரரோட சண்டை பிடிக்காதேங்கோ, வாங்கித் தென்னைக்குத் தாட்டுவிடுங்கோ.

கொக்குவில் தாய், மூண்டு கிழமைக்குப் பிறகு:
எல்லாருக்கும் எழுதிறன் எண்டு சொல்லி இவ்வளவு நாள் போட்டுது.

திரியை நிப்பாட்டியாச்சு. வலை கட்டின முதல் ரெண்டு நாள் அவன் "கோழிக்கூடு" எண்டு அழுதான், இப்ப தானே இழுத்துச் செருகிறான். பக்கத்து வீட்டு மாமாவிட்டைச் சருகைக் கேட்டன். மனிசன் ஒரு மாதிரிப் பாத்தார், பிறகு தானே சாக்கில கட்டி மதிலுக்கு மேலால தந்தார். உரும்பிராய் அண்ணை தன்ர மெசினை அனுப்பிவிட்டவர், வயர்மன் தம்பி அளவு பாத்து வேற பில்ரர் ஒண்டைத் தேடிப் பொருத்தித் தந்தவர். ஓட்டு இடைவெளியைப் பழைய போர்வையால அடைச்சு, அவன்ர அறையில மட்டும் வைச்சம்.

இருபத்தொரு இரவில நாலு தரம்தான் எழும்பினவன். முந்தி ஒரு கிழமைக்கே நாலு. ஆனால் வலையாலயோ, திரி இல்லாததாலயோ, மெசினாலயோ எண்டு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியேல்ல. அதால கடைசிக் கிழமை மெசினை நிப்பாட்டிப் பாத்தம். அந்தக் கிழமையில எழும்பினது ஒருக்கா. நாலில ஒண்டு அதுதான்.

இந்த வருசம் நாங்கள் வாங்கேல்ல. அந்தக் காசில முதல் அவன்ர அறைக்குச் சீலிங் அடிப்பிக்கிறம். அது அடிக்காமல் போர்வையை நம்பி எந்த மெசின் வாங்கியும் பிரயோசனமில்லை. அடுத்த ஐப்பசியில திரும்பப் பாப்பம். இவர் இன்னும் வேம்பைத்தான் காட்டிக்கொண்டு நிக்கிறார்.

உரும்பிராய் அண்ணை, மெசினைப் பொங்கலுக்குப் பிறகு கொண்டந்து தாறம். பில்ரர் காசில பாதி எங்கட.

உரும்பிராய் செம்மண்:
ஆறுதலாய்த் தாங்கோ. காசு வேண்டாம். பூச்சாடியை எங்க வைக்கிறது எண்டுதான் மனிசி கேட்டுக்கொண்டு இருக்கிறா.