புதுப்பிப்பு: வராத பில் தொகைக்கு மூன்று ஆண்டுக் கணக்கு

சரக்கு கொடுத்துப் பணம் வராதவர்கள், பில் தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, கடன் தவணை பேசாமல் விற்றிருந்தால் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கு. 60 நாள் தவணை என்று பேசியிருந்தால் அந்த 60 நாள் முடிந்த பிறகுதான் தொடங்கும். ஆகவே டெலிவரி சலானில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நின்றுவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

காலத்தைப் புதுப்பிக்க வழி இரண்டு. "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று எதிர்த்தரப்பு எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். அல்லது ஒரு பகுதித் தொகை, அதுவும் செலுத்தியவரின் கையெழுத்தோடு. காசோலையாக வந்தால் அதிலேயே கையெழுத்து இருக்கிறது. ரொக்கமென்றால் ரசீதின் நகலில் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுமே 3 ஆண்டு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது.

முடிந்த பிறகு வெறும் ஒப்புதல் பயன்படாது. ஆனால் "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி அது புது ஒப்பந்தம். "பாக்கி உண்டு", "தருகிறேன்" இரண்டும் ஒன்றல்ல, வாசகத்தைக் கவனியுங்கள்.

கடைசி நாளில் நீதிமன்றம் விடுமுறை என்றால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.