பழைய சான் ஹுவானில் ஆறு மணி நேரம், அம்மாவோடு: எதைப் பார்க்கலாம்?

கேள்வி (கப்பல்பயணி):
கப்பல் காலை 9 மணிக்குப் புவேர்ட்டோ ரிக்கோ வந்துவிடும். 3 மணிக்குள் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. எல் மோரோ, சான் கிறிஸ்டோபல் இரண்டு கோட்டைகளையும் பார்த்துவிட முடியுமா?

நடைராசா:
சீட்டு ஒன்றுதான், 24 மணி நேரத்துக்குள் இரண்டு கோட்டைக்கும் செல்லும். அதற்காக இரண்டுக்கும் ஓடாதீர்கள். 1539-இல் கட்டத் தொடங்கிய எல் மோரோவுக்குப் போக, நிழலே இல்லாத பெரிய புல்வெளியைக் கடக்க வேண்டும். உள்ளே சரிவுப் பாதைகள் வேறு. நான் தொப்பி இல்லாமல் போய்த் தலைவலியோடு திரும்பினேன். ஆனால் அந்தப் புல்வெளியில் குடும்பம் குடும்பமாகப் பட்டம் விடுவார்கள், அதை மட்டுமே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்! அம்மாவோடு என்றால் சான் கிறிஸ்டோபல் போதும்.

மழைக்காதலி:
தெருக்களில் பதித்த நீலக் கற்கள் இரும்புக் கசடில் வார்த்தவை. நனைந்தால் வழுக்கும், அம்மாவுக்குப் பிடிப்பான செருப்பு அவசியம். வெயில் ஏறியதும் பேராலயத்துக்குள் போய்விடுங்கள். புவேர்ட்டோ ரிக்கோவின் முதல் ஸ்பானிய ஆளுநர் போன்ஸ் டி லியோனின் கல்லறை அங்கேதான். அப்புறம் கீழே இறங்கினால் பழைய நகர மதிலின் சிவப்பு நிறச் சான் ஹுவான் வாயில். வண்டியில் பிராகுவா விற்றால் விடாதீர்கள், சீவிய ஐஸில் பழப்பாகு ஊற்றித் தருவார்கள்.

கப்பல்பயணி:
சரி, ஒரு கோட்டைதான். பட்டத்தைச் சொன்னதும் அம்மா நூல் கேட்கிறார்!